நடுவானில் பெட்ரோல் தீர்ந்தால் என்ன ஆகும்? குட்டி விமானத்தின் 'அரை மணி நேர' கணக்கு!

பைக்கில் போகும்போது பெட்ரோல் தீர்ந்தால் பெரிய கவலை இல்லை. பழைய வண்டியாக இருந்தால் காக்கைத் திருப்பி ரிசர்வில் விடலாம். அதுவும் காலி என்றால், வண்டியை ஒரு பக்கம் சாய்த்துப் போட்டு எடுத்தால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். எதற்கும் வழியில்லையா? இறங்கித் தள்ளிக்கொண்டே பங்க்குக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஆனால் 3 ஆயிரம் அடி உயரத்தில் பெட்ரோல் தீர்ந்தால் எங்கே இறங்கித் தள்ளுவது?

2025 நவம்பர் 13-ந்தேதி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே திருச்சி-புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் ஒரு குட்டி பயிற்சி விமானம் வந்து இறங்கியது. சேலத்தில் இருந்து கிளம்பிய விமானம் அது. லாரியும் பஸ்சும் போகிற ரோட்டில் விமானம் நிற்பதைப் பார்க்க ஊரே திரண்டுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள்.

அன்று முதல் டீக்கடையில் ஒரே கேள்விதான். "எஞ்சின் நின்னா பிளேன் அப்படியே கல்லு மாதிரி விழாதா? எப்படி ரோட்டுல இறக்குனாங்க?" என்று.

விழாது. அதில் ஒரு சங்கதி இருக்கிறது. பெட்ரோல் கணக்கு என்பதில் அதைவிடப் பெரிய சங்கதி இருக்கிறது.

கல் மாதிரி விழாது

உலகம் முழுக்க விமானம் ஓட்டப் பழகுபவர்கள் அதிகம் உட்காருவது 'செஸ்னா 172' என்ற விமானத்தில். 4 பேர் உட்காரலாம். முன்னால் ஒரே ஒரு எஞ்சின். மேலே ரெண்டு பக்கமும் இறக்கை, அந்த இறக்கைக்குள்தான் பெட்ரோல் டேங்க்.

இந்த விமானத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்து, மணிக்கு சுமார் 125 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்தால் போதும். 1 அடி கீழே இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னால் போகும். அதாவது 3 ஆயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றால், ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரம் சும்மா மிதந்தே போகலாம். தரைக்கு வர 4 நிமிடம் ஆகும்.

சைக்கிளில் மேட்டில் இருந்து பெடல் மிதிக்காமல் இறங்குவோமே, அது மாதிரிதான். உயரம்தான் இங்கே பெட்ரோல். அதனால்தான் விவரம் தெரிந்த விமானிகள் தாழ்வாகப் பறக்க யோசிப்பார்கள். 500 அடியில் எஞ்சின் நின்றால் ஒரு நிமிடம்கூட கையில் இருக்காது.

டேங்கை ரொப்பினால் ஆள் ஏற முடியாது

"அப்படின்னா புல் டேங்க் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குட்டி விமானத்தில் அது நடக்காது.

செஸ்னா 172-ல் இப்போது வருகிற மாடலில் பறப்பதற்குப் பயன்படும் பெட்ரோல் சுமார் 200 லிட்டர். அதன் எடை மட்டும் 144 கிலோ. விமானம், ஆள், பெட்டி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து மொத்தம் 1,157 கிலோவைத் தாண்டக்கூடாது. வெறும் விமானமே சுமார் 760 கிலோ. கழித்துப் பாருங்கள். புல் டேங்க் போட்டால் ஆட்களுக்கும் சாமானுக்கும் சுமார் 250 கிலோதான் மிச்சம். 75 கிலோ ஆட்கள் 3 பேர் ஏறினாலே முக்கால்வாசிக்கு மேல் முடிந்தது. நாலாவது ஆள் ஏறினால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும்.

நாலு சீட் இருக்கிறது, புல் டேங்க்கும் இருக்கிறது. ஆனால் ரெண்டையும் ஒரே நாளில் நிரப்ப முடியாது. நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி 'இன்னும் ஒருத்தர் உட்காரலாம், தள்ளி உட்காருங்க' என்ற கதையெல்லாம் அங்கே நடக்காது. நடத்தியவர்கள் ஓடுபாதை முடிவதற்குள் மேலே எழும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுத்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

எதிர்க்காற்று தின்னும் பெட்ரோல்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. போக வேண்டிய தூரம் 400 கிலோமீட்டர். மணிக்கு 35 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். 2 மணி நேரம், 70 லிட்டர். முடிந்ததா?

முடியவில்லை. எதிரே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தரைக் கணக்கில் விமானம் 160 கிலோமீட்டர் வேகம்தான் போகும். 2 மணி நேரம் என்பது இரண்டரை மணி ஆகிவிடும். 70 லிட்டர் கிட்டத்தட்ட 88 லிட்டர் ஆகிவிடும். வண்டி அதே வண்டி, தூரமும் அதே தூரம்.

"திரும்பி வரும்போது காற்று பின்னால் இருந்து தள்ளுமே, அங்கே சரியாகிடும்" என்று சிலர் நினைப்பார்கள். அதுவும் தப்பு. திரும்பும்போது 1 மணி 40 நிமிடம். மொத்தம் 4 மணி 10 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 4 மணி நேரம்தான். போனதும் வந்ததும் சமம் ஆகவே ஆகாது. காற்று எப்போதும் 10 நிமிடம் கமிஷன் எடுத்துக்கொள்ளும்!

இதோடு ஓடுபாதை வரை உருண்டு போக, மேலே ஏற, போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்க முடியாமல் வட்டம் அடிக்க, எல்லாவற்றுக்கும் தனியாகப் பெட்ரோல் வேண்டும்.

அதனால்தான் சட்டமே போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில், கண்ணால் பார்த்து ஓட்டும் பகல் பயணத்துக்கு, போய்ச் சேர வேண்டிய பெட்ரோல் போக இன்னும் 30 நிமிடம் பறக்கும் அளவு கையிருப்பு இருக்க வேண்டும். ராத்திரி என்றால் 45 நிமிடம். இது இல்லாமல் கிளம்புவதே குற்றம். மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்து ஓட்டுவதாக இருந்தால், இன்னொரு விமான நிலையத்துக்குப் போகும் பெட்ரோல், அதற்கு மேல் 45 நிமிடம் என்று கணக்கு ஏறும். வானிலை ரொம்ப நன்றாக இருந்தால் மட்டும் அந்த இன்னொரு நிலையத்துக்கு விலக்கு.

பலர் இந்த அரை மணி போதாது, ஒரு மணி நேரம் வைத்துக்கொள் என்பார்கள். அதுதான் சரி என்று நமக்கும் படுகிறது. அரை மணி என்பது 17 லிட்டர். ரெண்டு டேங்கில் பிரித்தால் ஆளுக்கு எட்டரை லிட்டர், அடியில் கிடக்கும்.

முள்ளை நம்பாதே, குச்சியை நம்பு

குட்டி விமானங்களில் பெட்ரோல் முள் காட்டும் கணக்கை விமானிகள் முழுசாக நம்புவதில்லை. பறக்கும்போது இறக்கை ஆடும், டேங்கில் பெட்ரோல் அலம்பும், முள்ளும் ஆடும். நம்ம பைக்கிலேயே அதன் லட்சணம் தெரியும்.

அதனால் கிளம்பும் முன் இறக்கை மேலே ஏறி, மூடியைத் திறந்து, அளவு போட்ட குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். லாரி டிரைவர்கள் டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்களே, அதே வேலைதான். கோடி ரூபாய் விமானமாக இருந்தாலும் குச்சிதான் கடைசி சாட்சி.

அப்புறம் டேங்குக்கு அடியில் இருந்து ஒரு சின்னக் கண்ணாடி மாதிரி குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தெரியும். நிறமும் முக்கியம். இந்த எஞ்சின்களுக்குப் போடும் '100 எல்.எல்.' பெட்ரோல் நீலமாக இருக்கும். பெரிய ஜெட் விமானத்துக்குப் போடுவது மண்ணெண்ணெய் வகை, வைக்கோல் நிறம் அல்லது நிறமே இல்லாமல் இருக்கும். ஆள் மாற்றி ஊற்றிவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், மேலேயும் ஏறும். ஏறிய பிறகுதான் கழுத்தை அறுக்கும்.

அனுபவசாலிகளே மாட்டுகிறார்கள்

அமெரிக்க தேசிய போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் 2017-ல் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை நடந்த விபத்துகளை அலசியதில், பெட்ரோல் விவகாரத்தால் மட்டும் சராசரியாக வருஷத்துக்கு 50-க்கும் மேற்பட்ட குட்டி விமான விபத்துகள். 100-க்கு 56, பெட்ரோல் சுத்தமாகத் தீர்ந்ததால். 100-க்கு 35, டேங்கில் பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்குப் போகாததால்.

புதுசாகப் பழகும் பையன்கள்தான் கோட்டை விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? மாணவர்கள் 100-க்கு 2 பேர்தான். ஏறக்குறைய பாதிப் பேர் தொழில் முறை லைசென்ஸ் வைத்திருந்த விமானிகள். புதுப் பையன் பயந்துகொண்டு மூணு தடவை குச்சி விட்டுப் பார்ப்பான். பழகிய கை, 'அதெல்லாம் இருக்கும்பா' என்று கிளம்பிவிடும்.

டேங்கில் பெட்ரோல் இருந்தும்...

அந்த 35 பேர் கதைதான் வயிற்றெரிச்சல். பெட்ரோல் இருக்கிறது, எஞ்சின் நிற்கிறது. எப்படி?

பல விமானங்களில் இடது டேங்க், வலது டேங்க் என்று மாற்றும் ஒரு திருகு இருக்கும். செஸ்னா 172-ல் ரெண்டில் இருந்தும் சேர்த்து எடுக்க வழி உண்டு. 'பைப்பர் செரோகி' போன்ற விமானங்களில் அது கிடையாது. இடது, இல்லாவிட்டால் வலது. விமானிதான் அரை மணிக்கு ஒரு தடவை ஞாபகமாக மாற்ற வேண்டும். மறந்தால் ஒரு டேங்க் காலி, எஞ்சின் நிற்கும், இன்னொரு டேங்க் நிறைய இருக்கும்.

இந்தத் திருகால்தான் உலகப் புகழ் பெற்ற ஒரு பாடகர் செத்துப் போனார். 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' பாடிய அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர்.

1997 அக்டோபர் 12-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. கலிபோர்னியாவில் மான்டரே விமான நிலையம். டென்வருக்கு வயது 53. விமானம் ஓட்டுவது அவருக்குப் புதுசு இல்லை, 2,700 மணி நேரத்துக்கு மேல் ஓட்டியவர். ஆனால் அன்று ஏறிய 'லாங்-ஈசி' விமானம் அவர் கைக்குப் புதுசு. முந்தின நாள்தான் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து எடுத்து வந்திருந்தார்.

லாங்-ஈசி என்பது கம்பெனியில் செய்து வருவது இல்லை. வரைபடத்தை வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் விமானம். ரெண்டு பேர் முன்னும் பின்னும் உட்காரலாம், எஞ்சின் முதுகுப் பக்கம். வரைபடப்படி டேங்க் மாற்றும் திருகு விமானியின் கால்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். இந்த விமானத்தைக் கட்டியவர் அதைக் கொண்டுபோய் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எது இடது டேங்க், எது வலது டேங்க் என்று எழுதியும் வைக்கவில்லை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடியும் முதுகுக்குப் பின்னால்தான்.

கிளம்பும் முன்பே டென்வருக்கு இது சரிப்படவில்லை. திருகு எட்டவில்லை. அங்கிருந்த மெக்கானிக் ஒரு பிடிப்புக் கட்டிங் பிளேயரை அதில் மாட்டி நீளமாக்கிப் பார்த்தார். அப்போதும் எட்டவில்லை. பின்னால் இருக்கும் அளவைப் பார்ப்பதற்கு ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார். பெட்ரோல் ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார் டென்வர்.

மாலை 5.12 மணி அளவில் கிளம்பினார். ஓடுபாதையில் தொட்டுத் தொட்டு மூணு தடவை எழும்பிப் பழகினார். பிறகு கடற்கரைப் பக்கம் திரும்பினார். உயரம் 500 அடியோ அதற்கும் கீழோதான். கரையில் இருந்தவர்களுக்கு எஞ்சின் பட்பட் என்று வெடித்துத் திணறும் சத்தம் கேட்டது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தலைகுப்புறக் கடலில் பாய்ந்தது. கிளம்பி 16 நிமிடம்தான் ஆகியிருந்தது.

என்ன நடந்தது? விசாரணை அதிகாரிகள் அதே மாதிரி சீட்டில் ஆளை உட்கார வைத்துப் பார்த்தார்கள். தோளுக்குப் பின்னால் இருக்கும் திருகைப் பிடிக்க வேண்டுமானால் பெல்ட்டைத் தளர்த்தி, உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தானாக பெடலை அழுத்துகிறது. பெடல் அழுந்தினால் விமானம் வலது பக்கம் புரளும். 500 அடியில் புரண்டால் சரிசெய்ய நேரம் எங்கே?

திருகை மாற்றும் முயற்சியில் கவனம் சிதறியதும், தெரியாமல் பெடலை அழுத்தியதும், கிளம்பும் முன் பெட்ரோல் ஊற்றாமல் விட்டதும் காரணம் என்று 1999-ல் அறிக்கை வந்தது. இடம் மாற்றி வைத்த திருகும், அந்த விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததும் சேர்ந்துகொண்டதாகச் சொன்னார்கள். பெட்ரோல் ஊற்ற சில நிமிடம் ஆகியிருக்கும். அவ்வளவுதான்.

வாயைத் திறந்து சொல்லணும்

பெட்ரோல் குறைந்துவிட்டது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல விமானிகளுக்கு ஒரு கூச்சம். 'ஏம்ப்பா, பார்த்து ஊத்திட்டு வரமாட்டியா' என்ற கேள்வி வருமே என்ற பயம். விசாரணை வரும், லைசென்சுக்கு சிக்கல் வரும்.

இது பெரிய விமானத்தில்கூட நடந்திருக்கிறது. 1990 ஜனவரி 25-ந்தேதி கொலம்பியாவில் இருந்து நியூயார்க் வந்த ஏவியான்கா விமானம் மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே காத்திருந்தது. பெட்ரோல் தீரப்போகிறது, முன்னுரிமை கொடுங்கள் என்று விமானிகள் சொன்னார்கள். ஆனால் 'எமர்ஜென்சி' என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. கட்டுப்பாட்டு அறையும் வழக்கமான வரிசையிலேயே வைத்தது. நாலு எஞ்சினும் நின்று லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் பலி.

2016 நவம்பர் 28-ந்தேதி பிரேசில் நாட்டு சாப்பகோயென்ஸ் கால்பந்து அணியை ஏற்றிப்போன வாடகை விமானம் கதை இதைவிட மோசம். பயண நேரம் 4 மணி 22 நிமிடம். விமானத்தில் இருந்த பெட்ரோல் எவ்வளவு நேரத்துக்கு? அதுவும் 4 மணி 22 நிமிடம்! எழுதிக் கொடுத்த தாளிலேயே அப்படித்தான் இருந்தது. கொலம்பியாவில் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மலையில் மோதி 77 பேரில் 71 பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது இதற்கென்றே தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள். 'மினிமம் ப்யூயல்' என்றால் இனிமேல் தாமதம் தாங்காது என்று அர்த்தம். 'மேடே, மேடே, மேடே, ப்யூயல்' என்று சொன்னால், மற்ற விமானங்களை ஒதுக்கிவிட்டு வழி விட்டே ஆக வேண்டும்.

நின்ற பிறகு அந்த 4 நிமிடம்

சரி, எஞ்சின் நின்றே விட்டது. விமானி என்ன செய்வார்?

முதலில் வேகம். மூக்கை மேலே தூக்கிக்கொண்டே இருந்தால் கொஞ்ச தூரம் கூடப் போகலாம் என்று கை துடிக்கும். தூக்கினால் வேகம் செத்து, இறக்கை தாங்காமல் விமானம் நிஜமாகவே கல் மாதிரி விழும். டென்வர் விபத்து மாதிரியே, நிறைய பேரைக் கொல்வது எஞ்சின் நின்றது அல்ல, அதற்கு அப்புறம் விமானம் கையை விட்டுப் போவதுதான்.

அடுத்து, இறங்கும் இடம். காற்றை எதிர்த்து இறங்கினால் தரையில் வேகம் குறையும். வேகம் ரெண்டு மடங்கானால் மோதும் பலம் 4 மடங்காகும். அதனால் ஒவ்வொரு கிலோமீட்டர் வேகமும் கணக்கு. உழுத வயல் என்றால் சால் ஓடும் திசையிலேயே இறக்க வேண்டும், குறுக்கே இறக்கினால் சக்கரம் மாட்டிக் குட்டிக்கரணம் போடும். ரோடு மேலே இருந்து பார்க்க நேராக, அழகாகத் தெரியும். கிட்டே வந்தால்தான் கரண்ட் கம்பி, மரம், பாலம், பஸ் எல்லாம் தெரியும். கம்பி விமானியின் கண்ணுக்குக் கடைசி நொடி வரை தெரியாது. கம்பத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இடம் பார்த்த பிறகுதான் எஞ்சினைத் திரும்ப உயிர் கொடுக்கப் பார்ப்பது. டேங்கை மாற்று, பம்பைப் போடு, சாவியைத் திருப்பு. நிறைய தடவை டேங்கை மாற்றியதுமே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் எஞ்சினாக இருந்தால், ஈரக் காற்றில் உள்ளே ஐஸ் கட்டி அடைத்திருக்கலாம். வெயில் நாளில்கூட இது நடக்கும். சூடான காற்றை உள்ளே விட ஒரு லிவர் உண்டு.

எதுவும் நடக்கவில்லை என்றால் 121.5 அலைவரிசையில் 'மேடே' சொல்லிவிட்டு, ரேடாரில் 7700 என்ற எண்ணைப் போடுவார். தரையைத் தொடும் முன் பெட்ரோலை அடைத்து, கரண்டை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பார். உடம்பு நசுங்கினால் கதவு மாட்டிக்கொள்ளும், அதற்காக.

கிளம்பிய உடனே தாழ்வாக இருக்கும்போது எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்பப் பார்க்கக்கூடாது, நேரே எதிரே இருப்பதில் இறக்கு என்பார்கள் பயிற்சியாளர்கள். திரும்பப் பார்த்து செத்தவர்கள் எண்ணிக்கை அதிகம்.

கடலில் குடை விரித்த விமானம்

நல்ல முடிவும் உண்டு. 2015 ஜனவரி 25-ந்தேதி கலிபோர்னியாவில் இருந்து ஹவாய் தீவுக்கு ஒரே ஆள் 'சிர்ரஸ் எஸ்.ஆர்.22' என்ற குட்டி விமானத்தை ஓட்டிப் போனார். நீண்ட பயணம் என்பதால் கூடுதல் டேங்க் வைத்திருந்தார். ஆனால் அதில் இருந்த பெட்ரோலை எஞ்சின் டேங்குக்குத் திருப்ப முடியவில்லை. வால்வு மக்கர்.

அவர் செய்த நல்ல காரியம், பெட்ரோல் தீரும் வரை காத்திருக்காமல் பல மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். கரை சேர சுமார் 230 மைல் குறையும் என்று கணக்கும் கொடுத்தார். கடலோரக் காவல் படை விமானம் கூடவே வந்தது. பக்கத்தில் போன 'வீண்டாம்' என்ற பயணிகள் கப்பல் இருக்கும் பக்கமாக அவரை வழிநடத்தினார்கள். பெட்ரோல் தீர்ந்ததும் விமானத்தில் இருந்த பாராசூட்டை இழுத்துவிட்டார். முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் அது. விமானம் அலையில் விழுந்ததும் ரப்பர் படகில் ஏறிக்கொண்டார். அரை மணி நேரம் கொஞ்சம் கூட, கப்பல்காரர்கள் அவரைத் தூக்கிவிட்டார்கள். காயம் இல்லை.

நம்ம ஊரில் இறங்கினால்?

நார்த்தாமலை மாதிரி நாளைக்கு உங்க ஊர் வயலிலோ ரோட்டிலோ ஒரு குட்டி விமானம் இறங்கலாம். ஓடிப்போய் உதவுவது நம்ம ஜனங்களுக்குப் பழக்கம். ஆனால் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

பீடி, சிகரெட்டோடு கிட்டே போகாதீங்க. இறக்கை முழுக்க பெட்ரோல், எங்காவது சொட்டிக்கொண்டிருக்கும். 108-க்கும் 101-க்கும் போன் போட்டுவிட்டு, ஆம்புலன்சுக்கு வழி விடுங்க. கூட்டம் அடைத்தால் அதுவே ஒரு ஆபத்து.

நின்றுபோன காத்தாடியில் கை வைக்கவே கூடாது. இந்த எஞ்சின் தீப்பொறிக்கு பேட்டரி தேவையில்லை, தானே கரண்ட் தயார் பண்ணிக்கொள்ளும். சுவிட்ச் சரியாக அணையாமல் இருந்தால், சும்மா செல்பிக்காக ஒருத்தர் காத்தாடியை அசைத்தாலே எஞ்சின் ஒரு சுற்று சுற்றிவிடும். கை போய்விடும்.

சிர்ரஸ் மாதிரி பாராசூட் வைத்த விமானம் என்றால் இன்னும் ஜாக்கிரதை. அந்த பாராசூட்டை வெளியே இழுப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ராக்கெட். இறங்கும்போது அது வெடிக்காமல் இருந்திருந்தால், பிறகு யாராவது கம்பியை இழுத்தாலோ, உடைந்த பாகத்தை வெட்டினாலோ வெடிக்கும். விமானத்தின் முதுகுப் பக்கம் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்காமல், தீயணைப்பு வீரர்கள் வந்ததும் முதலில் அதைக் காட்டுங்க.